டிஸ்கவரி விஷன் கான்செப்ட்: உரிமையாளர்கள் இரண்டு கட்சியானது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேண்ட் ரோவர் டிஸ்கவரியின் எதிர்காலம் எப்படி இருக்கும் என்று காட்ட, 2014-ல் ஒரு கான்செப்ட் எஸ்யூவி வந்தது. அதைப் பார்த்ததுமே டிஸ்கவரி வைத்திருந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. எந்த நிறுவனம் எந்தப் பழைய எஸ்யூவியைப் புது உருவில் மேடையேற்றினாலும் அதே கேள்விகள்தான் திரும்ப வருகின்றன. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தொழில்நுட்பத்தைப் பார்த்துப் பயந்தவர்களின் பயத்தில் பாதிக்கு மேல் தேவையில்லாதது. பின்கதவைப் பற்றியும் பெட்டி வடிவத்தைப் பற்றியும் வருத்தப்பட்டவர்கள் சொன்னது சரி.

இது என்ன கார்? விற்பனைக்கு வந்ததா?

வரவில்லை. 2014 ஏப்ரலில், நியூயார்க் மோட்டார் ஷோவையொட்டி, இன்ட்ரெபிட் என்ற ஓய்வுபெற்ற விமானம்தாங்கிக் கப்பலில் வைத்து இதை அறிமுகப்படுத்தினார்கள். விண்வெளிச் சுற்றுலா நிறுவனமான விர்ஜின் கேலக்டிக்குடன் கைகோத்த நிகழ்ச்சி அது. அப்போது லேண்ட் ரோவரின் டிசைன் தலைவர் ஜெரி மெக்கவர்ன். டிஸ்கவரி என்ற பெயரை ஒரே மாடலாக வைத்திருக்காமல் ஒரு குடும்பமாக்கப் போகிறோம் என்று அறிவிக்கத்தான் இந்தக் காரைக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் டிஸ்கவரி ஸ்போர்ட்டும், 2016 செப்டம்பரில் ஐந்தாம் தலைமுறை டிஸ்கவரியும் வெளிவந்தன. இரண்டின் முகத்திலும் இந்த கான்செப்ட்டின் சாயலைப் பார்க்கலாம்.

அதில் அப்படி என்னதான் காட்டினார்கள்?

பானட்டுக்குக் கீழே இருக்கும் தரையை ஓட்டுநர் கண்முன் காட்டும் 'டிரான்ஸ்பரன்ட் பானட்'. காருக்கு வெளியே நின்று ஸ்மார்ட்போனால் மெதுவாக நகர்த்தும் வசதி. எதிரே இருக்கும் நிலத்தின் மேடுபள்ளத்தை லேசரால் அளந்து திரையில் வரைபடமாகக் காட்டும் ஏற்பாடு. தண்ணீரில் இறங்கும் முன்பே ஆழம் சொல்லும் லேசர், லேசர் ஹெட்லைட், தகவல்கள் மிதக்கும் கண்ணாடி, கையசைத்தால் திறக்கும் கதவு. போதாததற்கு, நடுத்தூண் இல்லாமல் எதிரெதிர்த் திசையில் திறக்கும் கதவுகள், ஏழு இருக்கைகள்.

ஒரே மேடையில் இத்தனையையும் குவித்ததுதான் முதல் சிக்கல் என்று நினைக்கிறேன். எது நாளை வரும், எது பத்து வருடம் கழித்து வரும், எது வரவே வராது என்று பார்ப்பவருக்குப் பிரித்துச் சொல்லவில்லை. அதனால் பிடித்தவர்களுக்கு எல்லாமே பிடித்தது, பிடிக்காதவர்களுக்கு எதுவுமே பிடிக்கவில்லை.

ஏற்கெனவே டிஸ்கவரி வைத்திருந்தவர்கள் ஏன் அவ்வளவு வருத்தப்பட்டார்கள்?

2004-ல் வந்த டிஸ்கவரி 3-ஐயும், 2009-ல் வந்த டிஸ்கவரி 4-ஐயும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால்தான் இது புரியும். நேர்க்கோட்டில் நிற்கும் பக்கங்கள், பெரிய கண்ணாடிகள், பின்னால் இருப்பவருக்கும் தலை இடிக்காதபடி படியாக உயரும் கூரை. பெட்டி மாதிரி இருக்கிறது என்று மற்றவர்கள் சொன்னதைத்தான் வைத்திருந்தவர்கள் அதன் பெருமையாகச் சொன்னார்கள். உட்கார்ந்தால் நாலு மூலையும் தெரியும். பானட் எங்கே முடிகிறது என்று யூகிக்க வேண்டியதில்லை. ஆறாவது, ஏழாவது இருக்கைகளில் பெரியவர்களே உட்காரலாம்.

பின்கதவைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். அது இரண்டு துண்டு. மேல் துண்டு கண்ணாடியோடு மேலே எழும், கீழ்த் துண்டு வெளிப்பக்கமாக மடிந்து இறங்கி மேடை போல நிற்கும். மேல் துண்டை மட்டும் திறந்தால் உள்ளே அடுக்கிய சாமான் சரிந்து விழாது, நாயும் வெளியே குதிக்காது. இரண்டையும் திறந்தால் இரண்டு பேர் அந்தப் பலகையில் உட்கார்ந்து சேறான பூட்ஸைக் கழற்றலாம், மழை வந்தால் மேல் துண்டே கூரை. மேல் துண்டின் கீழ் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் ஆழமாக இறங்கியிருக்கும். கீழ்ப் பலகையைத் திறக்காமலே அந்தப் பக்கத்தில் கையை உள்ளே விட்டு ஒரு பையை எடுத்துவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் கோணல், பயன்படுத்துபவருக்கு அதில் ஒரு காரணம் இருந்தது.

கான்செப்ட்டில் இவர்கள் பார்த்தது வளைந்த விளிம்புகள், சாய்ந்த கண்ணாடி, வழவழப்பான பக்கங்கள். நமக்கு வேலை செய்த வண்டியை நகரத்துக் காராக்கப் போகிறார்கள் என்ற பயம் அங்கேதான் தொடங்கியது. அந்தப் பயத்தைப் பழசின் மேல் உள்ள பாசம் என்று சிலர் ஒதுக்கினார்கள். அது அநியாயம். பத்து வருடம் ஒரு பின்கதவைத் திறந்து மூடியவருக்கு அதைப் பற்றித் தெரிந்தது, அதை வரைபவருக்குக்கூடத் தெரியாது.

அப்படியென்றால் பிடித்தவர்களே இல்லையா?

நிறையப் பேர் இருந்தார்கள். டிஸ்கவரி 3 சுமார் இரண்டரை டன் எடை. எரிபொருள் செலவைப் பார்த்துச் சலித்தவர்கள், கொஞ்சம் இலகுவான, காற்றைக் கிழித்துப் போகிற உடல் வரட்டும் என்று வரவேற்றார்கள். நெடுஞ்சாலையில் அதிகம் ஓட்டியவர்களுக்குக் காற்றிரைச்சல் குறைந்தால் போதும். வீட்டில் இன்னொருவரும் தயங்காமல் ஓட்டக்கூடிய வண்டி வேண்டும் என்றவர்களும் உண்டு. இவர்கள் கேட்டதும் நியாயமானதே. ஒரே மாடலை வைத்துக்கொண்டு ஒருவர் குதிரை ஏற்றிய டிரெய்லரை இழுக்கிறார், இன்னொருவர் குழந்தைகளைப் பள்ளிக்குக் கூட்டிப் போகிறார். ஒரே கான்செப்ட் இருவரையும் திருப்திப்படுத்தாமல் போனதில் வியப்பில்லை.

டிரான்ஸ்பரன்ட் பானட் நிஜமாகவே தேவையா? எட்டிப் பார்த்து ஓட்டத் தெரியாதா?

எட்டிப் பார்த்தாலும் தெரியாத இடம் ஒன்று உண்டு. செங்குத்தான மேட்டில் ஏறி உச்சியைத் தொடும் அந்தச் சில நொடிகளில் கண்ணாடி முழுக்க பானட்டும் வானமும்தான். மேட்டுக்கு அந்தப் பக்கம் பாதை நேராக இறங்குகிறதா, இடப்பக்கம் திரும்புகிறதா, அங்கே ஒரு பாறை நிற்கிறதா, எதுவும் தெரியாது. அனுபவசாலிகள் வண்டியை நிறுத்தி, இறங்கி, நடந்து பார்த்துவிட்டு வருவார்கள். அல்லது வெளியே ஒருவரை நிறுத்தி அவர் கைகாட்டும் வழியில் போவார்கள். தனியாகப் போகிறவருக்கு அந்த இரண்டாவது ஆள் கிடையாது.

கான்செப்ட்டில் கிரில்லுக்குள் பொருத்திய கேமராக்கள் எடுக்கும் படத்தை, ஓட்டுநர் எதிரே உள்ள கண்ணாடியில் விழச் செய்தார்கள். பானட்டே கரைந்துபோனது போலத் தோன்றும். 2018 நவம்பரில் வந்த, அதே நிறுவனத்தின் இரண்டாம் தலைமுறை ரேஞ்ச் ரோவர் எவோக்கில் இந்த யோசனை 'கிளியர்சைட் கிரவுண்ட் வியூ' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. கிரில்லிலும் பக்கக் கண்ணாடிகளிலும் இருக்கும் கேமராக்கள் தரையைப் படம் பிடிக்கும், முன்சக்கரங்களுக்கு நடுவே என்ன இருக்கிறது என்று திரையில் தெரியும். பிறகு லேண்ட் ரோவரின் இன்னொரு எஸ்யூவியான புதிய டிஃபெண்டருக்கும் இது வந்தது.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய நுணுக்கம் ஒன்று இருக்கிறது. கேமராக்களால் காருக்கு அடியில் பார்க்க முடியாது. சற்று முன் எடுத்த தரையின் படத்தை, கார் நகர்ந்த அளவுக்கு ஏற்ப ஒட்டித் தைத்துத்தான் காட்டுகின்றன. சக்கரம் மிதித்து ஒரு கல் புரண்டிருந்தால் திரையில் அது பழைய இடத்திலேயே இருக்கும். கேமராவில் சேறு அப்பினால் படமும் போகும். இத்தனைக்குப் பிறகும், கான்செப்ட்டில் காட்டியவற்றிலேயே மிக உருப்படியானது இதுதான் என்பேன். எனக்கு ஒரே குறை, கண்ணாடியில் விழ வேண்டிய படம் நடுத் திரைக்குப் போய்விட்டது. பாறைக்கு நடுவே போகும்போது பார்வையைப் பாதையிலிருந்து எடுக்கச் சொல்வது நல்லதல்ல.

போனை வைத்துக் காரை ஓட்டுவது விளையாட்டு வேலை இல்லையா?

பலரும் கேலி செய்தது இதைத்தான். 2015 ஜூனில் ஜாகுவார் லேண்ட் ரோவர் ஒரு ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட்டை வைத்து இதைச் செய்து காட்டியது. வேகம் மணிக்கு 4 மைல், அதாவது சுமார் 6 கிலோமீட்டருக்கு மேல் போகாது. கையில் சாவியோடு காருக்கு 10 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அந்த வரம்புகளைப் படித்தாலே நோக்கம் புரியும். ஓட்டுநரே இறங்கி நின்று, சக்கரம் எந்தக் கல்லில் ஏறுகிறது என்று கண்ணால் பார்த்தபடி நகர்த்தலாம். மேலே சொன்ன அந்த இரண்டாவது ஆளின் வேலையை நாமே செய்துகொள்ளும் வழி அது. டிரெய்லர் மாட்டும்போதும் இதே வசதி உதவும்.

எனக்கு உள்ள தயக்கம் வேறு. இறங்கி நிற்கும் இடம் சரிவாக இருந்து, கார் வழுக்கினால் அதன் பாதையில் நிற்பவர் நாம்தான். காருக்கு வெளியே நிற்பவருக்கு எந்தப் பக்கம் பாதுகாப்பு என்று கற்றுத் தராமல் இந்த வசதியைக் கையில் கொடுக்கக் கூடாது.

கையசைத்தால் கதவு திறப்பதெல்லாம்?

அதில் நான் எதிர்க்கட்சி. கைப்பிடி இருட்டிலும், கையுறை போட்டிருந்தாலும் வேலை செய்யும்.

எலக்ட்ரானிக்ஸ் கூடினால் பழுதும் கூடும் என்கிறார்களே, அது சரியா?

பாதி சரி. இதே வாதம் 2004-லும் வந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். டிஸ்கவரி 2 வரை முன்னும் பின்னும், இரு சக்கரங்களையும் ஒரே தண்டில் இணைக்கும் நேர் அச்சுகள்தான். டிஸ்கவரி 3 வந்தபோது நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகள், எலக்ட்ரிக் ஹேண்ட்பிரேக், மணல், சேறு, பாறை என்று ஒரு குமிழைத் திருப்பித் தேர்ந்தெடுக்கும் 'டெரெய்ன் ரெஸ்பான்ஸ்', எல்லாம் ஒரே நேரத்தில் புகுந்தன. காட்டுக்குள் இதெல்லாம் தாங்காது என்று அன்றைக்கும் சொன்னார்கள். பத்து வருடம் கழித்து அதே டிஸ்கவரி 3-ஐத்தான் உண்மையான டிஸ்கவரி என்று கொண்டாடி, கான்செப்ட்டை எதிர்த்தார்கள். டெரெய்ன் ரெஸ்பான்ஸ் வழியாகப் புதிதாக ஓட்ட வந்தவர்களும் கரடுமுரடான பாதையில் நம்பிக்கையோடு இறங்கினார்கள் என்பதை யாரும் மறுக்க முடியாது.

மறு பாதி என்னவென்றால், பழுதின் தன்மை மாறிவிட்டது. இயந்திரப் பழுது பெரும்பாலும் சத்தம் போட்டு, மெல்ல மெல்ல வரும். சென்சார் பழுது ஒரு மஞ்சள் விளக்கோடு திடீரென்று வரும். ஏர் சஸ்பென்ஷனின் உயர சென்சாரோ கம்ப்ரஸரோ கைவிட்டால் வண்டி தாழ்ந்து உட்கார்ந்துவிடும், தரை இடைவெளி மிகவும் தேவைப்படும் இடத்திலேயே அது நடக்கலாம். இதைச் சரிசெய்ய ஸ்பேனர் போதாது, பழுது எண்ணைப் படிக்கும் கருவி வேண்டும். இன்று கையடக்கமான கருவிகள் கிடைக்கின்றன. தொலைவுக்குப் போகிற டிஸ்கவரிக்காரர்கள் கயிறும் மண்வெட்டியும் வைத்திருப்பது போல இதையும் வைத்திருக்கிறார்கள்.

அதனால் ஒரு கான்செப்ட்டில் எத்தனை வசதி இருக்கிறது என்று எண்ணுவதில் பயனில்லை. அந்த வசதி செத்துப்போனால் கார் நகருமா என்று கேட்க வேண்டும். டிரான்ஸ்பரன்ட் பானட் செத்தால் ஒரு திரைதான் இருளும், நீங்கள் பழையபடி இறங்கிப் பார்க்கலாம். மின்மோட்டாரால் மட்டுமே திறக்கும் கதவு செத்தால் சாமான் உள்ளே மாட்டிக்கொள்ளும். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

காட்டியவற்றில் எவை ஷோரூம் வரை வந்தன?

டிரான்ஸ்பரன்ட் பானட் வந்த கதையைச் சொல்லிவிட்டேன். லேசர் ஹெட்லைட் 2017-ல் ரேஞ்ச் ரோவர் வெலாரில் கிடைத்தது. நடுத்தூண் இல்லாத கதவுகள் வரவில்லை. நிலத்தை லேசரால் வரையும் ஏற்பாடும் வரவில்லை. போன் வசதி வேறு உருவெடுத்தது. டிஸ்கவரி 5-ல் போனை வைத்துக் காரை நகர்த்த முடியாது, இருக்கைகளை மடக்கலாம். கடையில் பெரிய பெட்டி ஒன்றை வாங்கிவிட்டு வரிசையில் நிற்கும்போதே பின்னிருக்கைகளை மடித்து வைக்கலாம் என்று விளக்கினார்கள்.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. உரிமையாளர்கள் மிரண்ட தொழில்நுட்பம் மெதுவாக, வடிகட்டப்பட்டு, பெரும்பாலும் விருப்பத் தேர்வாகவே வந்தது. அவர்கள் வருந்திய உருவம் ஏறக்குறைய அப்படியே வந்துவிட்டது. எல்லோரும் லேசரைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டு துண்டுக் கதவு சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தது.

பின்பக்க நம்பர் பிளேட் சர்ச்சை என்பது என்ன?

டிஸ்கவரி 3, 4 இரண்டிலும் நம்பர் பிளேட் ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கும். கதவு கோணலாகப் பிளந்திருந்ததால் அந்த இடம் இயல்பாக அமைந்தது. டிஸ்கவரி 5-ல் கதவு ஒரே துண்டு, இரு பக்கமும் சமம். ஆனாலும் பழைய அடையாளம் வேண்டும் என்று நம்பர் பிளேட்டை மட்டும் ஓரத்தில் விட்டார்கள். காரணம் போன பிறகு கோணல் மட்டும் மிஞ்சியது. பிளேட்டை நடுவுக்குக் கொண்டுவரும் உதிரிபாகங்களை வெளி நிறுவனங்கள் தயாரித்து விற்கும் அளவுக்கு இது வளர்ந்தது. 2020 இறுதியில் வந்த மாற்றங்களின்போதும் லேண்ட் ரோவர் அதை நகர்த்தவில்லை.

கீழ்ப் பலகைக்குப் பதிலாக டிஸ்கவரி 5-ன் உள்ளே ஒரு சிறு பலகை மடிந்து இறங்குகிறது, 300 கிலோ வரை தாங்கும். உட்கார அது போதும். சாமானைத் தடுக்கும் வேலையையும் ஓரளவு செய்கிறது. ஆனால் பின்னால் சுவர் நெருக்கமாக இருக்கும் இடத்தில், அவ்வளவு பெரிய ஒற்றைக் கதவைத் தூக்க இடம் வேண்டும். பழைய கதவில் பாதி இடம் போதுமாக இருந்தது.

உடலைத் தாங்கிய பழைய சட்டகம் போய், சட்டகமும் உடலும் ஒன்றான மோனோகாக் வந்ததால் கரடுமுரடான பாதையில் திறமை குறைந்ததா?

எண்கள் அப்படிச் சொல்லவில்லை. டிஸ்கவரி 4 தண்ணீரில் 700 மி.மீ. ஆழம் வரை போகும், டிஸ்கவரி 5 900 மி.மீ. வரை போகும். தரை இடைவெளி 283 மி.மீ. இழுக்கும் திறன் 3,500 கிலோ. அலுமினிய உடலால் முந்தையதைவிட 480 கிலோ வரை எடை குறைந்தது என்று நிறுவனம் அறிவித்தது. சேற்றில் அந்த 480 கிலோ பெரிய விஷயம், எடை குறைந்த வண்டி அமிழ்வதும் குறைவு, மீட்பதும் எளிது. வளைந்த உருவத்தால் காற்றுத் தடைக் குணகம் 0.33-க்கு இறங்கியது.

கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில். அலுமினிய உடலில் பலமாக அடிபட்டால் எல்லாப் பட்டறையிலும் சரிசெய்ய முடியாது, அதற்கென்று தனிக் கருவிகளும் பயிற்சியும் தேவை. பழைய இரும்புச் சட்டகத்துக்கும் குறை உண்டு. துரு. அதோடு டிஸ்கவரி 3, 4-ல் சில பெரிய வேலைகளுக்கு உடலையே சட்டகத்திலிருந்து தூக்கி எடுப்பது பட்டறைகளில் வழக்கம்.

உரிமையாளர்கள் சொல்வதை நிறுவனங்கள் கேட்கின்றனவா?

சில நேரம் கேட்கின்றன. 2012-ல் ஜெனீவாவில் பென்ட்லி காட்டிய இஎக்ஸ்பி 9 எஃப் என்ற எஸ்யூவி கான்செப்ட்டின் தோற்றம் கடுமையான விமர்சனத்துக்கு உள்ளானது. அதைத் திருத்தி வரைந்துதான் 2015-ல் பென்டேகா வந்தது. லேண்ட் ரோவருக்குள்ளேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. 2011-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் டிஃபெண்டருக்கு வாரிசாக டிசி100 என்ற கான்செப்ட்டைக் காட்டினார்கள். டிஃபெண்டர் ரசிகர்கள் ஏற்கவில்லை. அது அப்படியே தயாரிப்புக்குப் போகவில்லை. பழைய டிஃபெண்டர் 2016 ஜனவரி 29-ல் சோலிஹல் ஆலையில் நின்றது, புதியது 2019-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. நிமிர்ந்த பின்புறம், பக்கவாட்டில் திறக்கும் பின்கதவு, அதில் தொங்கும் ஸ்டெப்னி, கூரையோரச் சிறு கண்ணாடிகள் எல்லாம் அதில் இருந்தன. உள்ளே தொழில்நுட்பத்துக்கும் குறைவில்லை, மோனோகாக் உடல்தான், கிரவுண்ட் வியூ கேமராவும் உண்டு. அது நிறுவனத்தின் அதிகம் விற்கும் மாடலாகவே ஆனது.

இந்த ஒப்பீடு எனக்கு எல்லாவற்றையும் சொல்கிறது. டிஸ்கவரிக்காரர்கள் தொழில்நுட்பத்தை வெறுத்திருந்தால் புதிய டிஃபெண்டரையும் வெறுத்திருக்க வேண்டும். அவர்கள் கேட்டது நிமிர்ந்த பெட்டியும், அதற்குள் புதிய மூளையும். அந்தக் கலவை கடைசியில் வேறொரு பெயரில் கிடைத்தது.

இப்போது டிஸ்கவரி 4 வைத்திருக்கிறேன். மாற்றுவதா, வைத்துக்கொள்வதா?

பின்பக்கத்தைத் தினமும் பயன்படுத்துபவர், சாமானும் நாயும் ஏற்றுபவர், சட்டகத்தில் துரு இல்லை என்று அடியில் படுத்துப் பார்த்து உறுதிசெய்தவர் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஏர் சஸ்பென்ஷன் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கிவையுங்கள். நெடுஞ்சாலைதான் அதிகம் என்றால் டிஸ்கவரி 5 உங்களைக் களைப்பாக்காது. எப்படியானாலும் வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள்: வழக்கமாக ஏற்றும் சாமானை எடுத்துப்போய் அந்தப் பின்கதவில் ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

கான்செப்ட்டில் காட்டி, இன்னும் வராதவற்றில் எது வந்தாக வேண்டும்?

தண்ணீரில் இறங்கும் முன்பே ஆழம் சொல்லும் லேசர். இப்போதைய வேட் சென்சிங் வசதி, பக்கக் கண்ணாடிகளில் இருக்கும் அல்ட்ராசானிக் சென்சார்களால் நீர்மட்டத்தை அளக்கிறது. அதாவது கார் தண்ணீருக்குள் இறங்கிய பிறகுதான் சொல்கிறது. அப்போது பின்னால் எடுக்க முடியாத நிலையும் இருக்கலாம். முன்கூட்டி அளப்பது ஏன் கடினம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் வேகமாக உறிஞ்சிவிடும், கடலடி ஆழத்தை விமானத்திலிருந்து அளப்பவர்கள் அதனால்தான் பச்சை லேசரைப் பயன்படுத்துகிறார்கள். கலங்கிய வெள்ளத்தில் பச்சை ஒளியும் அதிகம் இறங்காது. லேசரால் முடியாவிட்டால் வேறு வழியில் முயலட்டும். வெள்ளம் ஓடும் சாலையில் ஆழம் தெரியாமல் காரை இறக்கி மாட்டிக்கொள்கிறவர்கள் எஸ்யூவி ஓட்டுபவர்கள் மட்டுமல்ல. இந்த ஒரு வசதிக்காக எத்தனை சென்சார் கூடினாலும் நான் எதிர்க்க மாட்டேன்.